வாண்டர்பில்ட் பேஸ்பால்: உதவிக் கோச்சுகள் எங்கே போனார்கள், ஏன் அந்த இடத்துக்குப் போனார்கள்?

தெற்குவீதி கேட்டது:

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலை ஊன்றிப் பார்ப்பவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியில் டிம் கார்பின் 2003 சீசனிலிருந்து தலைமைக் கோச். 2014, 2019 என இரண்டு தேசியக் கோப்பை. அவரிடம் உதவிக் கோச்சாக இருந்த எரிக் பாகிச் இப்போது கிளெம்சனில் தலைமைக் கோச். ஜாஷ் ஹாலிடே 2013 சீசனிலிருந்து ஓக்லஹோமா ஸ்டேட்டில் தலைமைக் கோச். டெரெக் ஜான்சன் 2019 முதல் மேஜர் லீக் தொழில்முறை அணியான சின்சினாட்டி ரெட்ஸின் பிட்சிங் (பந்து எறிதல்) கோச்.

தேதிகளை ஒட்டிப் பார்த்தால்தான் இடிக்கிறது. மூன்று பேருமே 2014-க்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஆக, கோப்பை ஜெயித்ததால் வேலை கிடைத்தது என்று சொல்ல வழியில்லை. பிறகு எதை வைத்து இவர்களைக் கூப்பிட்டார்கள்? பிட்சிங் கோச் மேஜர் லீகுக்கும் மற்ற இருவர் கல்லூரித் தலைமைக்கும் போனது தற்செயலா, வேலையே அப்படியா? பழைய பட்டியல்களில் சம்பளமே இல்லாத 'தன்னார்வக் கோச்' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அந்த ஆள் எப்படிக் காலம் தள்ளினார்?

வளைபந்து எழுதியது:

தற்செயல் இல்லை. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

2023 ஜூன் வரை முதல் பிரிவு (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) பேஸ்பால் அணியில் தலைமைக் கோச், சம்பளம் வாங்கும் உதவிக் கோச் 2 பேர், சம்பளமில்லாத தன்னார்வக் கோச் ஒருவர், அவ்வளவுதான் அனுமதி. சம்பள நாற்காலி இரண்டில் ஒன்று பெரும்பாலும் பிட்சிங் கோச்சுக்கு. மற்றதில் இருப்பவர் பேட்டிங்கையும் பார்ப்பார், ரெக்ரூட்டிங்கையும் பார்ப்பார். பாகிச் 2003 முதல் 2009 வரை இருந்தது இந்த இரண்டாவது நாற்காலியில்.

ரெக்ரூட்டிங் என்றால் நல்ல பையனைப் பார்த்துக் கூட்டி வருவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பாதி வேலை கணக்கு. ஓர் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப் என்பது நீண்ட காலம் இருந்த உச்சவரம்பு. பிறகு அதோடு இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் சேர்ந்தன: அதிகபட்சம் 27 பேருக்குத்தான் பிரிக்கலாம், வாங்குகிற ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 சதவீதம் கொடுக்க வேண்டும். 27 பேருக்கும் கால் பங்கு கொடுத்தாலே 6.75 போய்விடும். மீதி 4.95. அதை வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஷார்ட்ஸ்டாப், கேட்சர், சென்டர்ஃபீல்டர் என்று எல்லோரிடமும் பேரம் பேச வேண்டும். ஒருவருக்கு 70 சதவீதம் என்று வாக்குக் கொடுத்தால், கால் பங்குக்கு மேல் போன அந்த 0.45 வேறு யாரோ ஒருவரிடமிருந்துதான் வரும். வாண்டர்பில்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணமும் அதிகம் என்பதால், கால் ஸ்காலர்ஷிப் வாங்கியும் குடும்பத்தின் தலையில் பெரிய தொகை நிற்கும். அதனால் பையனின் ஸ்விங்கைப் பார்ப்பதற்கு இணையாக, வருமானத்தை வைத்துப் பல்கலைக்கழகம் தருகிற உதவித்தொகை அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்றும் கோச் பார்த்தாக வேண்டும்.

இதற்கு மேல், தொழில்முறை அணிகள் வருடந்தோறும் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் டிராஃப்ட் என்கிற கத்தி. உயர்நிலைப் பள்ளி முடித்த பையனைத் தொழில்முறை அணி எடுத்துப் பணத்தைக் காட்டினால் கல்லூரிக்கு வரவே மாட்டான். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடிய வேண்டும் அல்லது 21 வயதாக வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுபடி டிராஃப்ட். யார் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவான், யார் வருவான் என்று கணிப்பதில் ரெக்ரூட்டிங் கோச் தவறினால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும்.

இனி பாகிச் காலத்தைப் பாருங்கள். டேவிட் பிரைஸை 2004-ல் டாட்ஜர்ஸ் எடுத்தும் அவர் வாண்டர்பில்ட்டுக்கு வந்தார். 2007 டிராஃப்டில் முதல் ஆள். பெட்ரோ ஆல்வாரெஸ் 2008-ல் இரண்டாவது. மைக் மைனர் 2009-ல் ஏழாவது. சன்னி கிரேயும் அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தவர்தான். மேரிலாந்து 2009 கோடையில் பாகிச்சை அழைத்தபோது அவர்கள் கண்ணில் பட்டது இந்தப் பெயர்கள். தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்கு வாண்டர்பில்ட் அதுவரை போனதே இல்லை. முதல் முறை போனது 2011-ல். ஆக, ஒமாஹாவுக்குப் போன அணியின் அடித்தளத்தைப் போட்டவர், அந்த அணி போனபோது வேறு ஊரில் இருந்தார். உங்கள் கணக்கு இடிப்பது இதனால்தான். ரெக்ரூட்டிங்கின் பலன் இரண்டு மூன்று வருடம் தள்ளித்தான் தெரியும். வேலைக்கு ஆள் தேடுகிற விளையாட்டு இயக்குநர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாற்காலி நிரப்புவதில் கார்பினின் திறமையையும் சொல்ல வேண்டும். 2012-ல் ஹாலிடேவும் ஜான்சனும் ஒரே வருடத்தில் போனார்கள், இரண்டு சம்பள நாற்காலியும் காலி. செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்காட் பிரவுனைப் பிட்சிங்குக்கும், டிராவிஸ் ஜூவெட்டைப் பேட்டிங், ரெக்ரூட்டிங்குக்கும் கொண்டு வந்தார். இரண்டே சீசனில் கோப்பை. இப்படி இரண்டு நாற்காலியும் ஒன்றாகக் காலியானால் பெரும்பாலான அணிகள் தடுமாறும்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் எழுதியது:

வளைபந்து சொன்னதற்கு மேல் பிட்சிங் கோச் பற்றி மட்டும் சேர்க்கிறேன், அது தனி உலகம்.

கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கேட்சர் டக்அவுட் (அணியினர் உட்காரும் இடம்) பக்கம் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பந்து, எந்த இடம் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் பிட்சிங் கோச். அவர் விரலால் மூன்று எண்கள் காட்டுவார், 2, 4, 1 என்று வைத்துக்கொள்வோம். கேட்சரின் மணிக்கட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டை, அதில் பொடிப்பொடியாகக் கட்டங்கள். 241-க்கு நேரே 'ஸ்லைடர், வெளிப்பக்கம், தாழ்வாக' என்று இருக்கும். ஒரே பந்துக்குப் பத்துப் பன்னிரண்டு எண்கள் சிதறிக் கிடப்பதால் எதிரணி எண்ணைக் குறித்து வைத்தும் பயனில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வேறு அட்டை. தப்பு எங்கே நடக்கும் என்றால், மாற்றுப் பிட்சர் பழைய அட்டையோடு உள்ளே வந்துவிடுவார். கேட்சர் கர்வ்பாலுக்குக் கையுறையைத் தாழ்த்திக் காத்திருக்க, பிட்சர் நேரான வேகப்பந்தை மேலே விடுவார். பந்து பின்வேலிக்குப் போகும், ரன்னர் ஒரு தளம் நகர்ந்துவிடுவார். 2022 சீசனிலிருந்து ஒருவழி மின்னணுக் கருவிக்கு அனுமதி கிடைத்த பிறகு இது குறைந்தது.

மேஜர் லீகில் இந்தத் தீர்மானம் பெரும்பாலும் கேட்சர், பிட்சர் கையில். கோச்சின் வேலை பந்தின் வடிவத்தைச் செதுக்குவது, உடம்பைக் காப்பது, எதிரணிக்கான திட்டம் போடுவது. கல்லூரியில் பிட்சர் வாரத்துக்கு ஒரு முறை தொடங்குவார், வெள்ளி, சனி, ஞாயிறு என்று. மேலே ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை, 162 ஆட்டம். அதனால் கல்லூரியிலிருந்து மேலே போக விரும்பும் பிட்சிங் கோச் எதைக் காட்ட வேண்டும்? தான் சொல்லிக் கொடுத்த பையன்கள் போன பிறகும் நிலைத்து நிற்கிறார்கள் என்பதை. ஜான்சனிடம் பிரைஸ், மைனர், கிரே என்று வரிசையே இருந்தது.

அவர் நேரே மேஜர் லீக் டக்அவுட்டுக்கும் போகவில்லை. 2012-க்குப் பிறகு சிகாகோ கப்ஸின் மைனர் லீக் பிட்சிங் ஒருங்கிணைப்பாளராக மூன்று சீசன். பிறகு 2016-ல் மில்வாக்கி புரூவர்ஸ். 2018-ல் அந்த அணி தேசிய லீக் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை போனது. அதன் பிறகு ரெட்ஸ். அங்கே 2019-ல் அவருக்கு உதவியாளராக வந்த கேலப் காத்தம், வாண்டர்பில்ட்டில் இவரிடம் பிட்ச் செய்த பையன்! 2021 முதல் காத்தம் பிலடெல்பியா ஃபில்லீஸின் பிட்சிங் கோச். இந்தக் கிளையைப் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். உதவிக் கோச்சுக்கும் தனியாக ஒரு வம்சாவளி உண்டு.

நேரே போனவருக்கு உதாரணம் வெஸ் ஜான்சன். ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலிருந்து 2018 இறுதியில் மினசோட்டா ட்வின்ஸ் பிட்சிங் கோச்சாக எடுத்தார்கள். அவர் 2022 சீசனின் நடுவிலேயே அதை விட்டு எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) உதவிக் கோச்சாக வந்தார். மேஜர் லீகிலிருந்து கல்லூரிக்கு இறங்கினாரே என்று அப்போது பலரும் வியந்தார்கள். இறங்கியதாக நான் நினைக்கவில்லை. மேஜர் லீக் பிட்சிங் கோச்சுக்கு வருடத்தில் பாதி நாள் வெளியூர். தென்கிழக்கு மாநாடு (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) என்பதிலுள்ள பெரிய கல்லூரிகளோ நல்ல சம்பளம் தருகின்றன, தலைமைப் பதவிக்கான வாசலும் அங்கிருந்து பக்கம். அடுத்த சீசனில் எல்.எஸ்.யூ. பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 209 ஸ்டிரைக்அவுட் எடுத்தார், அது மாநாட்டுச் சாதனை. 2023 ஜூன் தொடக்கத்திலேயே ஜார்ஜியா வெஸ் ஜான்சனைத் தலைமைக் கோச்சாக அறிவித்துவிட்டது. ஜூன் 26-ல் கோப்பை கைக்கு வரும்வரை அவர் எல்.எஸ்.யூ. டக்அவுட்டில்தான் இருந்தார்.

அந்த இடத்துக்கு வந்தவர் நேட் யெஸ்கி. ஆரிகன் ஸ்டேட்டில் 2018 கோப்பை, அரிசோனாவில், இப்போது எல்.எஸ்.யூ. தலைமைக் கோச்சாக இருக்கும் ஜே ஜான்சனிடம் வேலை, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் இரண்டு சீசன், பிறகு எல்.எஸ்.யூ., 2025-ல் மறுபடி கோப்பை. பழகிய தலைமைக் கோச்சிடம் திரும்பிப் போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

தெற்குவீதி எழுதியது:

இருவருக்கும் நன்றி, நிறையத் தெளிந்தது. இன்னொன்று. டென்னசியில் 2024 கோப்பை அணியின் பிட்சிங் கோச் ஃபிராங்க் ஆண்டர்சன் அதற்கு முன்பு ஓக்லஹோமா ஸ்டேட்டில் 9 சீசன் தலைமைக் கோச்சாக இருந்தவர் என்று பார்த்தேன். தலைமைப் பதவிக்குப் போய்விட்டு உதவிக் கோச்சாகத் திரும்புவது சரிவாகாதா?

வளைபந்து எழுதியது:

அவருடைய வரிசையை முழுதாகப் பார்த்தால் அப்படித் தோன்றாது. டெக்சாஸ் டெக்கில் நீண்ட காலம் உதவிக் கோச், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆகி கரிடோவிடம் பிட்சிங் கோச், 2002-ல் கோப்பை. அதை வைத்து ஓக்லஹோமா ஸ்டேட் தலைமை, 2004 முதல் 2012 வரை. பிறகு ஹூஸ்டனில் ஐந்து சீசன் பிட்சிங் கோச், 2018 சீசன் முதல் டென்னசி.

இதில் ஒரு சுவையான முடிச்சு. ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஆண்டர்சனுக்கு முன்பு தலைமைக் கோச் டாம் ஹாலிடே. அவர் விலகியதும் டெக்சாஸுக்குப் போய், ஆண்டர்சன் விட்டுச் சென்ற அதே பிட்சிங் கோச் இடத்தில் உட்கார்ந்தார். 2005-ல் அங்கே கோப்பை. 2012-ல் ஆண்டர்சன் போனதும் ஓக்லஹோமா ஸ்டேட் யாரைக் கொண்டு வந்தது? நீங்கள் முதலில் கேட்ட ஜாஷ் ஹாலிடேவை. டாமின் மகன். இரண்டு பல்கலைக்கழகம், மூன்று பேர், நாற்காலிகள் இப்படிச் சுற்றி வந்திருக்கின்றன.

தலைமைக் கோச் வேலை வேறு ஜாதி. நன்கொடையாளர்களைச் சந்திப்பது, மைதானத்துக்குப் பணம் திரட்டுவது, உதவிக் கோச்சுகளைத் தேர்ந்தெடுப்பது, பெற்றோர் புகாரைக் கேட்பது என்று பிட்சரின் தோள் பக்கமே போக முடியாத நாட்கள் அதிகம். பிட்சிங் நாற்காலியில் தேர்ந்தவர் அதில் தேறாமல் போகலாம், அதனால் பழைய திறமை போய்விடாது. டேவ் செரானோவும் நல்ல உதாரணம். கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் 2004-ல் கோப்பை வென்றபோது பிட்சிங் கோச். பிறகு தலைமைக் கோச்சாக யூ.சி. அர்வைன், ஃபுல்லர்டன் இரண்டையும் ஒமாஹாவுக்குக் கூட்டிப் போனவர். அவரே டென்னசிக்கு வந்து 2012 முதல் 2017 வரை ஒரு முறைகூட தேசியப் போட்டிக்குள் நுழைய முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்தான் டோனி விடெல்லோ. ஜூவெட்டும் வாண்டர்பில்ட்டிலிருந்து துலேன் தலைமைக்குப் போய் 2022-ல் அந்த வேலையை இழந்தார். பெரிய மாநாட்டில் பழகிய ரெக்ரூட்டிங் முறை சின்ன மாநாட்டில் அப்படியே எடுபடாது, அங்கே பணமும் குறைவு, பையன்கள் ஏறும் படியும் வேறு.

இடதுகை எழுதியது:

தன்னார்வக் கோச் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தரக்கூடாது என்பது விதி. வருமானம் கோடை முகாம்களிலிருந்து: பள்ளிப் பையன்களுக்குப் பல்கலைக்கழக மைதானத்தில் நடக்கும் முகாமில் வேலை பார்த்துக் கூலி வாங்கலாம். மாலையில் தனிப் பயிற்சி வகுப்பும் எடுக்கலாம். வளாகத்துக்கு வெளியே போய் ரெக்ரூட் செய்ய அனுமதி கிடையாது. அந்த ஒரு தடைதான் கழுத்தைப் பிடித்தது. ரெக்ரூட்டிங் அனுபவம் இல்லாமல் சம்பள நாற்காலி கிடைப்பது கஷ்டம், சம்பள நாற்காலி இல்லாமல் ரெக்ரூட்டிங் அனுபவம் கிடையாது. அதனால் யாரோ ஒரு கோச் மனம் வைத்துத் தூக்கிவிட்டால்தான் உண்டு.

பாகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் கிளெம்சனில் தன்னார்வக் கோச். அப்போது அதே அணியில் உதவிக் கோச்சாக இருந்தவர் கார்பின். கார்பின் வாண்டர்பில்ட்டுக்குத் தலைமைக் கோச்சாகக் கிளம்பியபோது இந்த இளைஞரைக் கூடவே கூட்டிப் போனார். மேரிலாந்து, மிச்சிகன் சுற்றிவிட்டு 2022 ஜூனில் கிளெம்சன் அவரைத் தலைமைக் கோச்சாகக் கூப்பிட்டது. சம்பளம் இல்லாமல் தொடங்கிய அதே மைதானத்துக்கு இருபது வருடம் கழித்துத் தலைவராக. நடுவே 2019 இறுதித் தொடரில் மிச்சிகனோடு வந்து, குருவான கார்பினிடம் முதல் ஆட்டத்தை ஜெயித்து அடுத்த இரண்டையும் விட்டார். அந்த மிச்சிகன் அணியின் பிட்சிங் கோச் கிறிஸ் ஃபெட்டர் 2021 முதல் டெட்ராய்ட் டைகர்ஸில்.

ஜாஷ் எலாண்டர் கதையும் இதே அச்சு. டி.சி.யூ.வில் (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) கேட்சராக ஆடியபோது விடெல்லோ அங்கே உதவிக் கோச். 2017-ல் விடெல்லோ ஆர்கன்சாவில் இருக்க, எலாண்டர் அங்கே தன்னார்வக் கோச். அந்தக் கோடையில் விடெல்லோவுக்கு டென்னசி கிடைத்ததும் கூடவே போனார், பேட்டிங்கும் ரெக்ரூட்டிங்கும் அவர் பொறுப்பு. 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் விடெல்லோவை மேனேஜராக எடுத்தபோது எலாண்டர் தலைமைக் கோச் ஆனார். அக்டோபர் என்பதால் இது சட்டென்று முடிந்தது. கல்லூரி வகுப்பும் இலையுதிர்காலப் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கும் நேரம், வேறு அணியின் தலைமைக் கோச் எவரும் அப்போது தன் பையன்களை விட்டுவிட்டு வரமாட்டார். தலைமைக் கோச் போனால் வீரர்களுக்கு வேறு கல்லூரிக்கு மாறத் தனிக் காலவாசல் திறக்கும். உள்ளேயிருந்தே ஒருவரை உட்கார வைத்தால் அவர்கள் அசையாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போதும் இப்படி அமைவதில்லை. 2024 ஜூன் 24-ல் டென்னசியிடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் தலைமைக் கோச் ஜிம் ஷ்லாஸ்நாகிள், மறுநாளே பரம எதிரியான டெக்சாஸுக்குப் போனார். பிட்சிங் கோச் மேக்ஸ் வைனரும் போனார். பேட்டிங் கோச் மைக்கேல் எர்லியும் பின்னாலேயே கிளம்ப, ஏ அண்ட் எம் அவரைத் திரும்பக் கூட்டி வந்து தலைமைப் பதவி கொடுத்தது. நல்ல வீரர்கள் பலர் தங்கினார்கள், 2025 தொடங்கும் முன் தரவரிசையில் முதலிடம். கடைசியில் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. வீரர்களைத் தக்கவைப்பதும் பிட்சிங் கோச்சை இழந்த பிறகு பிட்சர்களை வளர்ப்பதும் வேறு வேறு வேலை.

யாருமே போகாத அணிக்கும் உதாரணம் உண்டு. வர்ஜீனியாவில் பிரையன் ஓ'கானர், கெவின் மெக்மல்லன், கார்ல் கூன் மூவரும் 2004 முதல் 2019 வரை ஒன்றாகவே இருந்தார்கள். 2014 இறுதியில் வாண்டர்பில்ட்டிடம் தோற்று, 2015-ல் அதே வாண்டர்பில்ட்டை வென்று கோப்பை வாங்கினார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் எழுதியது:

இடதுகை சொன்னதோடு விதி மாற்றத்தையும் சேர்த்துவிடுகிறேன். 2023 ஜூலை 1 முதல் தன்னார்வ நாற்காலி என்பதே கிடையாது. தலைமைக் கோச்சோடு 3 உதவிக் கோச்சுகளுக்கும் சம்பளம் தரலாம், மூவரும் வெளியே போய் ரெக்ரூட் செய்யலாம். தரலாம் என்பதுதான் விதி, தரவேண்டும் என்று இல்லை. சின்னக் கல்லூரிகளில் மூன்றாவது நாற்காலிக்குச் சொற்பத் தொகைதான் ஒதுக்குகிறார்கள்.

11.7 கணக்கும் 2025-26 முதல் மாறிவிட்டது. வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய நீதிமன்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு இல்லை, 34 வீரர் என்ற வரம்பு மட்டும். ஆகவே 0.45-ஐ எங்கிருந்து எடுப்பது என்ற பழைய பேரம் போய், முப்பத்தைந்தாவது பையனை எப்படி வெளியே அனுப்புவது என்ற பேரம் வந்திருக்கிறது.

தெற்குவீதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓர் உதவிக் கோச்சை எடைபோட வேண்டுமானால் கோப்பை வருடத்தைப் பார்க்காதீர்கள். அவர் சேர்ந்த வருடத்தோடு மூன்றைக் கூட்டி, அந்த வருட டிராஃப்டிலிருந்து அவர் கிளம்பி மூன்று வருடம் ஆன டிராஃப்ட் வரை அந்தக் கல்லூரிப் பெயர்களை எடுங்கள். அவற்றில் உயர்நிலைப் பள்ளியிலேயே டிராஃப்டில் முன்வரிசையில் எடுக்கப்பட்டவர்களைத் தனியாக வையுங்கள். மீதி இருப்பவர்கள்தான் கல்லூரிக்கு வந்து வளர்ந்தவர்கள். பிட்சர்களை மட்டும் பிரித்தால் பிட்சிங் கோச்சின் கணக்கு. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களையும் கழிக்க மறக்காதீர்கள். ஸ்கீன்ஸே விமானப்படை அகாடமியிலிருந்து எல்.எஸ்.யூ.வுக்கு வந்தவர். கோச்சின் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டுமானால் டென்னசி, எல்.எஸ்.யூ. போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் அது பொது ஆவணம். வாண்டர்பில்ட் தனியார் என்பதால் அங்கே அந்த வழி இல்லை.